ராண்டோ இல்லாமலே ஜெயிச்சாங்களே, அப்போ ராண்டோவோட மதிப்பு என்ன?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடில் ஒரு பழைய சண்டையைப் பற்றிப் பேசப்போறேன். 2013 பிப்ரவரியில் நானும் என் ரூம்மேட்டும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடகைப் பிரச்சினை இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோட பாயிண்ட் கார்ட் ராஜான் ராண்டோதான் பிரச்சினை. சிரிக்காதீங்க. அந்த வருஷம் செல்டிக்ஸ் ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்த இடத்தில் எல்லாம் இதே சண்டைதான் நடந்தது.

என்ன நடந்ததுன்னா, ஜனவரி 27ஆம் தேதி ராண்டோவுக்கு முழங்காலில் ஏசிஎல் கிழிந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. அந்த சீசன் அவருக்கு முடிந்துபோனது. அந்த நேரத்தில் செல்டிக்ஸ் 20 வெற்றி, 23 தோல்வி. சரி, கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைத்தோம். அதே நாள், நடப்பு சாம்பியனான மயாமி ஹீட்டை ரெண்டு ஓவர்டைம் போய் ஜெயித்தார்கள். அதையும் சேர்த்து வரிசையா ஏழு ஆட்டம் ஜெயித்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு வெற்றிக்கும் ரூம்மேட் முன்னாடி போய் நின்று, "பார்த்தியாடா, ஆள் இல்லாமலேயே ஜெயிக்கிறாங்க. இத்தனை நாளா அவன்தான் பந்தை வெச்சுக்கிட்டு எல்லாரையும் நிறுத்தி வெச்சிருந்தான்" என்றேன். அவன் கடைசியில் ஒரே வரிதான் சொன்னான்: "ஏழு மேட்ச்சை வெச்சு ஏழு வருஷத்தை அளக்காத." அதோட பேச்சு நின்றது.

அந்த வரிக்கு ஒழுங்கா பதில் சொல்ல எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அந்த பதில்தான் இந்த எபிசோட்.

முதலில், அந்த வேலை என்ன?

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு அணியில் களத்தில் ஐந்து பேர். அதில் பாயிண்ட் கார்ட் என்பவர் பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யார் எங்கே ஓடணும், யாருக்கு எப்போ பந்து போகணும்னு முடிவு பண்ணுறவர். 24 விநாடிக்குள் அணி கூடையைப் பார்த்து பந்தை எறிந்தாகணும். அந்த 24 விநாடியைச் செலவு பண்ணுற உரிமை பெரும்பாலும் இவர் கையில்தான்.

ராண்டோ 2006 டிராஃப்டில் 21ஆவது ஆளா தேர்வானவர். தேர்ந்தெடுத்தது ஃபீனிக்ஸ் சன்ஸ், போய்ச் சேர்ந்தது பாஸ்டன். அவருடைய முதல் சீசனில் பாஸ்டன் 24 ஆட்டம்தான் ஜெயித்தது. அடுத்த வருஷம் கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்து, ஏற்கெனவே இருந்த பால் பியர்ஸோடு சேர்ந்தார்கள். 24 வெற்றி 66 ஆனது. 2008இல் கோப்பையும் வந்தது. லேக்கர்ஸை 131-92 என்று நசுக்கிய கடைசி ஆட்டத்தில் ராண்டோ 21 புள்ளி, 8 அசிஸ்ட், 7 ரீபவுண்ட், 6 ஸ்டீல். அப்போ அவருக்கு வயசு 22.

சண்டைக்கான விதை இங்கேதான் விழுந்தது. பக்கத்தில் மூணு ஜாம்பவான்கள். நடுவில் ஒரு சின்னப் பையன். வண்டியை ஓட்டுறது அவனா, இல்லை அவன் வெறும் பயணியா?

அசிஸ்ட் கணக்கு சொல்லாத விஷயம்

ராண்டோ கட்சியின் முதல் ஆயுதம் அசிஸ்ட். 2011-12 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியா 11.7 அசிஸ்ட், லீகிலேயே முதலிடம். அடுத்த சீசனில் காயம் படும் வரை 11.1, அப்பவும் முதலிடம். தொடர்ந்து 37 ஆட்டங்களில் 10 அல்லது அதற்கு மேல் அசிஸ்ட் எடுத்தார். இந்த வகையில் அவரைவிட நீண்ட வரிசை மேஜிக் ஜான்சனுடைய 46 மட்டும்தான்.

நான் அப்போ சொன்ன பதில்: "கார்னெட், பியர்ஸ், ஆலன் மாதிரி ஆளுங்களுக்கு யார் பந்து கொடுத்தாலும் அசிஸ்ட் வரும்டா."

இதில் பாதி உண்மை இருக்கு. அசிஸ்ட் என்பது பந்தி பரிமாறுற மாதிரி. இலையில் வைத்ததை விருந்தாளி சாப்பிட்டால்தான் பரிமாறியவர் கணக்கில் ஏறும். நீங்க அருமையான பாஸ் கொடுத்து, வாங்கினவர் தவறவிட்டால் கணக்கில் பூஜ்யம். வாங்கினவரை எதிரணி இடித்து, அவர் ப்ரீ த்ரோ போட்டுப் புள்ளி எடுத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. நீங்க கொடுத்த பந்தை வாங்கி அவர் இன்னொருத்தருக்குக் கொடுத்து, அந்த மூணாவது ஆள் போட்டாலும் உங்க பேர் வராது. ஆனா ஒரு சாதாரண பாஸை ரே ஆலன் வாங்கித் தன் திறமையால் கூடைக்குள் போட்டால், அது முழு அசிஸ்ட்.

அதனால் நல்ல ஷூட்டர்கள் பக்கத்தில் இருந்தால் அசிஸ்ட் எண்ணிக்கை வீங்கும். கூட இருக்கிறவங்க தவறவிட்டால் அதே பாஸ்கள் காணாமல் போகும். ஆக, அசிஸ்ட் ஒரு தனி ஆளோட சொத்து இல்லை, ரெண்டு பேர் சேர்ந்து போட்ட கூட்டுக் கணக்கு. இதை அன்னைக்கு நான் ராண்டோவுக்கு எதிரா மட்டும் பயன்படுத்தினேன். அதே வாதம் ரே ஆலனுக்கும் பொருந்தும் இல்லையா? அவர் போட்ட புள்ளிகளிலும் பாதி பங்கு பாஸ் கொடுத்தவருக்குப் போகணுமே? இது எனக்குத் தோணவே இல்லை.

இன்னொண்ணு. 2009 பிளேஆஃப்ஸில் கார்னெட் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. அந்த 14 ஆட்டங்களில் ராண்டோவின் சராசரி கிட்டத்தட்ட 17 புள்ளி, 10 அசிஸ்ட், 10 ரீபவுண்ட். அடுத்த வருஷம் லெப்ரான் ஜேம்ஸ் இருந்த கிளீவ்லாண்டுக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 29 புள்ளி, 18 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். ஆறடி சொச்ச உயரத்துக்கு 18 ரீபவுண்ட்! பக்கத்தில் இருக்கிறவங்களால மட்டும் வளர்ந்த ஆள் இதெல்லாம் பண்ண முடியாது.

"அவனை விடு, அவன் ஷூட் பண்ண மாட்டான்"

இப்போ எதிர்க்கட்சியின் பெரிய ஆயுதம். ராண்டோவுக்குத் தூரத்திலிருந்து பந்து போட வராது. ப்ரீ த்ரோ கூட மொத்த வாழ்க்கையில் சுமார் 60 சதவீதம்தான். யாரும் மறிக்காமல் நின்று போடும் பந்து அது. ஒரு நல்ல கார்ட் அதில் 80க்கு மேல் போடுவார்.

எதிரணிகள் இதைப் பார்க்காமல் இருக்குமா? லேக்கர்ஸ் இறுதிப் போட்டிகளில் கோபி பிரையன்டையே ராண்டோவுக்குக் காவலாகப் போட்டது. கேட்கப் பெரிய மரியாதை மாதிரி இருக்கும். உண்மை அது இல்லை. கோபி அவர் பக்கத்திலேயே போகாமல் பல அடி தள்ளி, கூடைக்கு அருகில் நின்றுகொள்வார். அதாவது, "நீ போடு ராஜா, உனக்காக நான் ஓடி வர மாட்டேன்" என்று அர்த்தம்.

இது ஏன் ஆபத்து? உங்க ஆளை விட்டுட்டு நிற்கிற அந்தக் காவலர் சும்மா நிற்பதில்லை. பியர்ஸ் உள்ளே புகுந்தால் வழியை மறிப்பார். கார்னெட்டுக்குப் பந்து போனால் கை நீட்டுவார். நீங்க அஞ்சு பேர் ஆடுறீங்க, ஆனா எதிரணிக்குக் காவல் போட வேண்டியது நாலு பேருக்குத்தான். அஞ்சாவது ஆள் அவங்களுக்கு இலவசம். இந்தச் சேதம் ராண்டோ பேரில் எந்தப் பட்டியலிலும் வராது. பியர்ஸ் தவறவிட்ட பந்தாகத்தான் அது பதிவாகும்.

நான் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். தப்பில்லை. ஆனா கதையின் மறுபாதி இருக்கு.

தள்ளி நிற்கிற காவலர் ராண்டோவுக்கு ஒரு ஓடுபாதையையும் கொடுக்கிறார். மறிக்க ஆள் இல்லாததால் அவர் முழு வேகத்தில் உள்ளே வரலாம். மொத்தக் களமும் கண்ணுக்குத் தெரியும். அவர் ரே ஆலனுக்குக் கையோடு கையாகப் பந்தைக் கொடுத்துவிட்டு, ஆலனைத் துரத்தி வருகிறவருக்கு முன்னால் நின்றுவிட்டால், ஆலனைத் தடுக்க அங்கே யாருமே இருக்க மாட்டார்கள். ஏன்னா தடுக்க வேண்டிய ஆள்தான் தள்ளி நிற்கிறாரே! 2010 இறுதிப் போட்டியின் ரெண்டாவது ஆட்டத்தில் ஆலன் எட்டு த்ரீ பாயிண்டர் போட்டார். அதே ஆட்டத்தில் ராண்டோ 19 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். பாஸ்டன் 103-94 என்று ஜெயித்தது. ஆனா ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் மொத்தமே 79 புள்ளிதான், நாலு புள்ளியில் கோப்பை போனது.

புரியுதா? குறை ஒண்ணுதான். பக்கத்தில் ஓடுகிற ஷூட்டர் இருந்தால் அந்தக் குறையை ஆயுதமாக்கலாம். எல்லாரும் நின்றுவிட்டால் அது ஓட்டை.

ராண்டோ சும்மா ஒரு ராத்திரி அந்தக் குறையே இல்லாத மாதிரி ஆடியதும் உண்டு. 2012 கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்று, மயாமிக்கு எதிரா ரெண்டாவது ஆட்டம். நம்ம ஊரில் விடியற்காலை. பல் கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து பார்த்தோம். ஓவர்டைம் சேர்த்து 53 நிமிஷமும் வெளியே வராமல் ஆடி 44 புள்ளி எடுத்தார். ஓவர்டைமில் பாஸ்டன் எடுத்த 12 புள்ளியும் அவர் எடுத்ததுதான். ஆனாலும் 115-111 என்று தோற்றார்கள். அன்னைக்கு ரூம்மேட் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே... நான், "நேஷனல் டிவி ராண்டோ வந்துட்டான்" என்று சொல்லிச் சமாளித்தேன். பெரிய ஆட்டத்தில் மட்டும் உயிரைக் கொடுத்து ஆடுறார், சாதாரண நாளில் தூங்குறார்னு ரசிகர்கள் வைத்த கேலிப் பேர் அது.

அந்த ஏழு வெற்றி

இப்போ அந்த பிப்ரவரிக்கு வருவோம். அமெரிக்க ரசிகர்கள் மத்தியில் 'யூயிங் தியரி' என்று ஒண்ணு உண்டு. பில் சிம்மன்ஸ் என்ற எழுத்தாளர் பிரபலமாக்கியது. நட்சத்திரம் காயம் பட்டதும் அணி இன்னும் நல்லா ஆடும் என்பதுதான் அது. 1999இல் நியூயார்க் நிக்ஸ் அணியில் பேட்ரிக் யூயிங் பாதியில் காயம்பட்டு வெளியேறிய பிறகும் அந்த அணி இறுதிப் போட்டி வரை போனது. பேர் வந்தது அவரால்தான். நான் அந்தத் தியரியைத் தூக்கிக்கிட்டு அலைந்தேன்.

கணக்கைப் பாருங்க. ராண்டோ செய்தி வரும்வரை 20-23. அதுக்கப்புறம் 21-17. மேலோட்டமா பார்த்தால் என் பக்கம்தான் நியாயம். ஆனா அந்த ஏழு வெற்றியைத் தனியா எடுத்து வையுங்க. மீதி 14-17. மறுபடி தோற்கிற அணிதான். ஏழு ஆட்டம் என்பது ஒரு நல்ல வாரமும் ஒரு நல்ல வார இறுதியும் மாதிரி. அதற்குள் எதிரணிகளுக்குப் புதிய ஆட்ட முறை பழகிப்போகும்.

சரி, ராண்டோ இல்லாததால்தான் பிறகு சரிந்தார்கள் என்று ரூம்மேட் சொல்லலாமா? அதுவும் முடியாது. அதே சமயத்தில் ஜாரெட் சலிஞ்சர் முதுகு அறுவை சிகிச்சைக்குப் போனார். லியான்ட்ரோ பார்போசாவுக்கும் ஏசிஎல் போனது. மூணு விஷயம் ஒண்ணா மாறினால், எது எதைச் செய்தது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

அந்த வருஷ பிளேஆஃப்ஸில் நிக்ஸுக்கு எதிரா முதல் மூணு ஆட்டத்தில் பாஸ்டன் எடுத்த புள்ளிகள் 78, 71, 76. மூணிலும் தோல்வி. ஆறாவது ஆட்டத்தில் வெளியேறினார்கள். பிளேஆஃப்ஸில் ஒரே எதிரியோடு திரும்பத் திரும்ப ஆடணும். உங்க பழக்கமான வழியெல்லாம் அவங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போ பூட்டைத் திறக்க ஒருத்தர் வேணும். அந்த ஆள் சூட் போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இது நிரூபணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனா என் ஏழு வெற்றியும் நிரூபணம் இல்லைதான்.

டல்லாஸ் சொன்ன பாடம்

ரெண்டு பேரும் எதிர்பார்க்காத பாடம் அடுத்து வந்தது. ஆலன் 2012லேயே மயாமிக்குப் போய்விட்டார். 2013 கோடையில் பியர்ஸும் கார்னெட்டும் புரூக்ளினுக்கு அனுப்பப்பட்டார்கள். ராண்டோ குணமாகி வந்தபோது அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். ஆனா பாஸ் வாங்க ஆள் இல்லை. அந்த சீசனில் பாஸ்டன் 25 ஆட்டம்தான் ஜெயித்தது.

2014 டிசம்பரில் அவரை டல்லாஸ் மேவரிக்ஸ் வாங்கியது. டர்க் நொவிட்ஸ்கி இருக்கிற அணி, அப்போ லீகிலேயே சிறந்த தாக்குதல் ஆட்டம் அவர்களுடையது. ஷூட்டர்கள் இருக்காங்க, பாஸ் கொடுக்கிற மேதை வர்றார், இனி யார் பிடிக்க முடியும்னு ரூம்மேட் குதித்தான். நடந்தது நேர்மாறு. தாக்குதல் ஆட்டம் சரிந்தது. ஏன்னா டல்லாஸ் ஆட்டத்தின் உயிரே களம் விரிந்து இருப்பதுதான். எல்லாரும் வெளியே நின்று, பந்து ஒருவரிடம் நிற்காமல் சுற்றும். ராண்டோவுக்கோ பந்து தன் கையில் இருக்கணும். அவர் கையில் இல்லாத நேரத்தில் அவருடைய காவலர் உள்ளே போய் நின்று விரிந்த களத்தைச் சுருக்கிவிடுவார். பயிற்சியாளர் ரிக் கார்லைலோடு தகராறாகி ஒரு ஆட்டம் சஸ்பெண்டும் ஆனார். பிளேஆஃப்ஸில் ஹூஸ்டனுக்கு எதிரான ரெண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு டல்லாஸுக்காக அவர் களம் இறங்கவே இல்லை.

அதே ஆள். வெறும் ரெண்டு வருஷம் முன்னாடி லீகில் அசிஸ்டில் முதலிடம். முழங்கால் காயமும் ஒரு காரணம்தான். ஆனா சுற்றி நிற்கிற நாலு பேரும் மாறியதுதான் பெரிய மாற்றம்.

இதோட முடியவில்லை. 2020இல் 34 வயசில் லேக்கர்ஸுக்காக பெஞ்சிலிருந்து வந்து ஆடினார். அங்கே லெப்ரானும் ஆந்தனி டேவிஸும் இருந்ததால் எல்லா நேரமும் பந்து இவர் கையில் இருக்கத் தேவையில்லை. லெப்ரான் ஓய்வெடுக்கும் நிமிஷங்களில் இவர் ஓட்டினால் போதும். அந்த பிளேஆஃப்ஸில் தூரத்திலிருந்து போட்ட பந்துகளும் விழுந்தன. கோப்பை வென்ற கடைசி ஆட்டத்தில் 19 புள்ளி. டல்லாஸ் வேண்டாம்னு விட்ட ஆள், பாஸ்டனுக்கும் லேக்கர்ஸுக்கும் ரெண்டு அணிக்கும் ஆடிக் கோப்பை வாங்கிய மிகச் சிலரில் ஒருவர் ஆனார்.

அப்போ கேள்வியை எப்படிக் கேட்கணும்?

"இவர் நல்ல பாயிண்ட் கார்டா?" என்பது தப்பான கேள்வி. அதற்கு ஆளுக்கு ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துக்கிட்டு வாழ்நாள் முழுக்கச் சண்டை போடலாம். அடுத்த தடவை உங்க அணியின் பாயிண்ட் கார்டைப் பற்றி வாக்குவாதம் வந்தால் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, பந்து கையில் இல்லாதபோது அவருடைய காவலர் எங்கே நிற்கிறார்? ரெண்டு, அவர் கொடுத்த பாஸ் உருவாக்கிய வாய்ப்பா, இல்லை வாங்கினவர் திறமையால் பிழைத்த வாய்ப்பா? ஸ்கோர் அட்டையில் இது இருக்காது, கண்ணால் பார்க்கணும். மூணு, மற்ற நாலு பேரும் அவருடைய பலத்துக்கு ஏற்ற மாதிரி ஓடுறாங்களா, இல்லை நிற்கிறாங்களா?

மூணாவது கேள்வி என்னுடையது இல்லை. அது என் ரூம்மேட் சொன்னது. அதையும் சொல்லிட்டு முடிக்கிறேன்.

நான் ஏன் ராண்டோவை அவ்வளவு திட்டினேன் தெரியுமா? நானும் காலேஜ் அணியில் பாயிண்ட் கார்ட். எனக்கும் ஷூட்டிங் வராது. ஒரு அரையிறுதியில் எதிரணி பயிற்சியாளர் களத்துக்கே கேட்கிற மாதிரி, "அவனை விடு, அவன் போட மாட்டான்" என்று கத்தினார். என் காவலர் என்னை விட்டுட்டுப் போய் உள்ளே நின்றார். நான் போட்ட நாலும் வெளியே போனது. ரெண்டாம் பாதி முழுக்க பெஞ்ச். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஆளைத் திரையில் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நான் திட்டியது ராண்டோவை இல்லை.

அந்த அணியில் சென்டர் ஆடினவன்தான் என் ரூம்மேட். ஒரு வாரம் பேசாமல் இருந்த பிறகு, ராத்திரி தோசை சாப்பிடப் போன இடத்தில் அவனா ஆரம்பித்தான்: "அன்னைக்கு நீ போட்டது விழலைங்கறது இருக்கட்டும். உன்னை விட்டுட்டு அவன் உள்ள நின்னப்போ நாங்க நாலு பேரும் என்னடா பண்ணோம்? சிலை மாதிரி நின்னோம். ஒருத்தனாவது உன் பக்கம் ஓடி வந்து பந்தை வாங்கியிருந்தா, அவனைத் தடுக்க அங்க ஆளே இல்லை."

பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. தோசைக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

உங்க அணியிலும் இப்படி ஒரு பாயிண்ட் கார்ட் இருந்தால், அவரை வைத்து நீங்க போட்ட சண்டையை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.